புயல் அடித்த பிறகு: சீடர் ராபிட்ஸ் நகருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2020 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் நண்பகலுக்குச் சற்றுப் பின் தொடங்கிய காற்று ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஓயாமல் அடித்தது. விழுந்த கட்டடங்களை வைத்துக் கணித்த உச்ச வேகம் மணிக்கு 140 மைல், அதாவது 225 கிலோமீட்டர். நகரின் மர நிழலில் பாதிக்கு மேல் ஒரே மதியத்தில் போய்விட்டது. சில வீடுகளுக்குக் கரன்ட் வர இரண்டு வாரம் ஆனது. இப்படி நேர்கோட்டில் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் இடிமழைக் காற்றுக்கு டெரேச்சோ என்று பெயர்.

வங்கக் கடலில் புயல் உருவானால் நாலு நாள் முன்பே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். இங்கே காலையில் வெயில் அடிக்கும், மதியம் கூரை பறக்கும். அதனால் முன்னேற்பாடு என்பது புயல் வரும்போது செய்வதல்ல, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்துவைப்பது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காற்று நின்ற பிறகு வரும் நாட்களில்தான் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளும் பண இழப்பும் அதிகம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த நாட்களைப் பற்றியது.

எச்சரிக்கையைப் படிப்பது எப்படி

‘வாட்ச்’ என்றால் சூழல் கூடிவருகிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது, உள்ளே போங்கள். புதிதாக வந்தவர்கள் டொர்னேடோ வார்னிங்கை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டு, ‘சிவியர் தண்டர்ஸ்டார்ம்’ வார்னிங்கைச் சாதாரண இடிமழை என்று விட்டுவிடுகிறார்கள். டெரேச்சோ இந்த இரண்டாவது பெயரில்தான் வரும். காற்று 80 மைலைத் தொடும், அல்லது ஆலங்கட்டி 2.75 அங்குலம் இருக்கும் என்று கணித்தால்தான் இந்த வார்னிங் போனில் தானாக அலறும். 60, 70 மைல் காற்றுக்குப் போன் சத்தம் போடாது. ஆனால் வேர் இளகிய மரத்தைச் சாய்க்க 60 மைலே போதும்.

ஊர் சைரன் வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது. ஜன்னல் மூடி ஏசி ஓடும் வீட்டுக்குள் அது கேட்கும் என்று நம்ப வேண்டாம். பேட்டரியில் இயங்கும் வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். அதில் மாவட்டக் குறியீட்டை உள்ளிட வேண்டும். சீடர் ராபிட்ஸ் இருக்கும் லின் கவுன்டிக்கு 019113. குறியீடு போடாவிட்டால் பக்கத்துக் கவுன்டிகளின் எச்சரிக்கைக்கெல்லாம் நடுராத்திரியில் அலறும். எரிச்சலில் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள், வேண்டிய நாளில் அது பேசாது. 2020ல் செல்போன் சேவையும் சேர்ந்து படுத்துவிட்டது, ரேடியோதான் ஊருக்குச் செய்தி சொன்னது.

வார்னிங் வந்ததும் பேஸ்மென்டுக்குப் போங்கள். அது இல்லாத அபார்ட்மென்ட்டில் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறை அல்லது நடைவழி நல்லது. காலில் ஷூ இருக்கட்டும். பிறகு வெளியே வரும்போது கண்ணாடித் துண்டும் ஆணியும்தான் தரையில் கிடக்கும்.

வீட்டில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் குடிநீர், குறைந்தது மூன்று நாளுக்கு. தலைக்கு மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று. முழு சார்ஜில் பவர் பேங்க். சில்லறை நோட்டுகளாக நூறு, இருநூறு டாலர், ஏனென்றால் கரன்ட் இல்லாவிட்டால் கார்டு இயந்திரமும் ஓடாது. பெட்ரோல் பங்குக்கும் கரன்ட் வேண்டும், ஆகவே கோடைக்காலத்தில் கார் டாங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த இன்வெர்ட்டரும் எமர்ஜென்சி விளக்கும் 230 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே வீட்டு பிளக்கில் 120 வோல்ட். சார்ஜர் பெட்டியில் 100–240 என்று போட்டிருந்தால் மட்டும் வேலை செய்யும்.

கராஜ் கதவைக் கையால் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து கழன்றுவிடும். கதவு மூடியிருக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். திறந்த நிலையில், ஸ்பிரிங் உடைந்திருந்தால், கதவு முழு எடையோடு தலையில் இறங்கும்.

காற்று நின்ற முதல் அரை மணி நேரம்

1. வெளியே போகுமுன் ஜன்னல் வழியாகப் பாருங்கள். தரையில் கம்பி கிடந்தால் 35 அடி தள்ளியே நில்லுங்கள். அது டிவி கேபிளா, மின்கம்பியா என்று ஆராய வேண்டாம், 911க்கும் மின்நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். கிளைக்குள் மறைந்திருக்கும் கம்பிதான் அதிக ஆபத்து. விழுந்த மரத்தைத் தொடுமுன் அதன் வழியாகக் கம்பி ஓடுகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

2. கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், போனையும் உள்ளே எடுக்காதீர்கள். எல்லாரும் வெளியேறித் தெருமுனைக்குப் போன பின் 911. இந்த ஊரில் கேஸ் தருவது மிட்அமெரிக்கன், கரன்ட் தருவது அலையன்ட் எனர்ஜி. புறநகரில் சில வீடுகளுக்கு லின் கவுன்டி கிராமப்புற மின்கூட்டுறவு. உங்கள் பில்லைப் பார்த்து இரண்டு நிறுவனங்களின் அவசர எண்களையும் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

3. ஏசி, அடுப்பு, கணினி எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டபடி விடுங்கள், கரன்ட் வந்தால் தெரியும்.

4. கரன்ட் போனதை மின்நிறுவனச் செயலியில் பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். எத்தனை வீட்டிலிருந்து புகார் வருகிறது என்பதை வைத்துத்தான் எந்த இடத்தில் பழுது என்று அவர்கள் கணிக்கிறார்கள்.

வீட்டுச் சுவரில் எது யாருடையது

புதிதாக வீடு வாங்கியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி மின்நிறுவனத்துடையது. சுவரில் ஓடும் மீட்டரும் அவர்களுடையது. ஆனால் அந்த மீட்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டி, அதிலிருந்து மேலே கூரையைத் தாண்டி நிற்கும் இரும்புக் குழாய், அதன் உச்சியில் கவிழ்ந்த தொப்பி போல இருக்கும் மூடி, இவை மூன்றும் உங்களுடையவை. மரம் கம்பி மேல் விழுந்தால் கம்பி அறுவதற்கு முன்பே குழாயை வளைத்து, மீட்டர் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது வழக்கம்.

அப்படி ஆகியிருந்தால் தெரு முழுக்க விளக்கு எரிந்தாலும் உங்கள் வீட்டுக்கு இணைப்புத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. லைன் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பின் வரிசை இப்படி: உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வர வேண்டும், நகராட்சியில் பெர்மிட் வாங்க வேண்டும், குழாயும் பெட்டியும் மாற்ற வேண்டும், ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதற்குப் பிறகே மின்நிறுவனம் கம்பியை இணைக்கும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் எலக்ட்ரீஷியனைத் தேடும். ஆகவே கரன்ட் வரும் வரை காத்திருந்து பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். புயல் நின்ற அன்றே தரையில் நின்றபடி பாருங்கள். குழாய் வளைந்தோ சாய்ந்தோ நிற்கிறதா? அது கூரையைத் துளைத்து வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா? மீட்டர் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று ‘ஆம்’ என்றாலும் மற்றவர்களுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். தொடாமல் படம் மட்டும் எடுங்கள், செலவு இன்சூரன்ஸில் சேரும்.

கரன்ட் வந்த பிறகு கவனிக்க வேண்டிய இன்னொரு கோளாறு உண்டு. வீட்டுக்குள் வருவது மூன்று கம்பி: இரண்டு உயிருள்ளவை, ஒன்று நியூட்ரல். மரம் இழுத்ததில் நியூட்ரல் மட்டும் அறுந்திருந்தால், ஒரு அறையில் விளக்கு மங்கும், இன்னொரு அறையில் கண் கூசும் அளவுக்குப் பிரகாசிக்கும். 120 வோல்ட் போக வேண்டிய பிளக்கில் 200க்கு மேல் ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜ் கன்ட்ரோல் போர்டு எல்லாம் சில நிமிடத்தில் கருகும். இதைக் கண்டவுடன் மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு மின்நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் குழாயும் பெட்டியும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அவர் வேறு ஊரில் இருக்கலாம். படத்தோடு எழுத்துமூலம் சொல்லிவையுங்கள்.

எதிர்வீட்டில் எரிகிறது, நமக்கு ஏன் இல்லை

பழுது பார்ப்பது பெரியதிலிருந்து சிறியதை நோக்கிப் போகும். முதலில் உயர்மின் கோபுரங்கள், அடுத்து துணைமின் நிலையம், பிறகு மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் போகும் முக்கிய லைன்கள், அதன் பின் தெருக்கிளைகள், கடைசியில் தனிவீடு. எதிர்ச்சாரி வீடுகள் வேறு லைனிலிருந்து வரலாம், அதனால் தெருவின் ஒரு பக்கம் மட்டும் ஒளிரும். இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நம்பி நாலைந்து வீடுகள்தான் இருக்கும், ஆயிரம் வீட்டு லைன் முடிந்த பிறகே அங்கே ஆள் வரும்.

ஆக்சிஜன் இயந்திரம் போன்றவை வீட்டில் ஓடுகின்றன என்றால் மருத்துவர் சான்றோடு மின்நிறுவனத்தில் முன்பே பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிவு செய்தாலும் முதலில் கரன்ட் வரும் என்று அர்த்தமில்லை. போய்த் தங்க வேறு இடம் ஒன்று பார்த்துவைத்திருக்க வேண்டும்.

ஜெனரேட்டர்

முதலில் உயிர் விஷயம். ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது தவறு. பேஸ்மென்ட், பால்கனி, ஜன்னலோரம் எதுவும் கூடாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பாருங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும், குறிப்பாகப் படுக்கையறைப் பக்கம், இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் அது களைப்பு அல்ல. உடனே வெளியே வந்து 911 அழையுங்கள். கரி அடுப்பையும் பார்பெக்யூ சிலிண்டர் அடுப்பையும் வீட்டுக்குள் மூட்டுவதும் இதே விஷம்தான்.

அளவு எவ்வளவு வேண்டும்? ஃப்ரிட்ஜ் ஓடும்போது 200 வாட் போல எடுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப் பல மடங்கு கேட்கும். பேஸ்மென்ட் குழியில் சேரும் நீரை வெளியே தள்ளும் அரைக் குதிரைத்திறன் சம்ப் பம்ப் ஓட 1,000, தொடங்க 2,000 வாட். சின்ன ஜன்னல் ஏசி 500. ஃப்ரிட்ஜ், போன், மோடம், இரண்டு விளக்கு மட்டும் போதுமென்றால் 2,000 வாட் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் போதும். பம்பும் சேர்த்தால் 3,500 முதல் 4,000 வாட் பாருங்கள். சென்ட்ரல் ஏசியை இதில் ஓட்ட நினைக்காதீர்கள். சிறிய வகைக்குக்கூட ஒரு நாளைக்கு மூன்று கேலன் பெட்ரோல் ஆகும். ஐந்து கேலன் டப்பா இரண்டு வைத்திருந்தால் மூன்று நாள் ஓடும். பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் திரவத்தைக் கலந்து, வாட்டர் ஹீட்டர் இருக்கும் பேஸ்மென்டில் அல்லாமல், வெளிக்கொட்டகையில் வையுங்கள். இயந்திரம் சூடாக இருக்கும்போது ஊற்றினால் தீப்பிடிக்கும். அணைத்துப் பதினைந்து இருபது நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் கம்பியில் கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 50 அடிக்கு 14 கேஜ், 100 அடிக்கு 12 கேஜ். விளக்குத் தோரணத்துக்குப் போடும் 16 கேஜில் ஃப்ரிட்ஜை ஓட்டினால் கம்பி சூடேறும், மோட்டாரும் திணறும்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த கம்பியால் ஜெனரேட்டரைத் துணி உலர்த்தும் டிரையரின் சாக்கெட்டில் சொருகி வீடு முழுவதும் கரன்ட் எடுக்கும் வித்தையை யாராவது சொல்லித்தருவார்கள். செய்யாதீர்கள். அந்த 240 வோல்ட் வீட்டுக்கு வெளியே போய், கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் புகுந்து, 7,200 வோல்ட்டாக லைனில் ஏறும். அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருப்பவர் உங்களுக்குக் கரன்ட் கொடுக்க வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி. வீட்டுக்குள் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், மெயினும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஏற முடியாதபடி தடுக்கும் இன்டர்லாக் தகட்டையும், வெளிச்சுவரில் 30 ஆம்பியர் இன்லெட்டையும் எலக்ட்ரீஷியனை வைத்து, பெர்மிட்டோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்டில் தண்ணீர்

பேஸ்மென்ட் தரையின் மூலையில் மூடி போட்ட குழி இருக்கும். நிலத்தடி நீர் அதில் சேர, பம்ப் அதை வெளியே தள்ளும். பெருமழையும் கரன்ட் கட்டும் சேர்ந்தே வருவதால், பம்ப் வேண்டிய நேரத்தில்தான் நிற்கும். பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஒன்றைப் பொருத்துங்கள். அதற்குப் படகில் போடும் டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும், கார் பேட்டரி ஆழமாக வடிந்தால் சீக்கிரம் செத்துவிடும். மாதம் ஒருமுறை ஐந்து கேலன் வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி மிதவை மேலே வந்து பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். மிதவை குழாயில் சிக்கிக்கொள்வதுதான் அடிக்கடி வரும் கோளாறு.

சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் இந்தத் தண்ணீருக்குப் பணம் தராது. ‘வாட்டர் பேக்கப்’ என்ற துணைப்பிரிவைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆற்று வெள்ளம் தனிக் கணக்கு. 2008 ஜூனில் சீடர் ஆறு 31 அடியைத் தாண்டி நகர மையத்தையே மூழ்கடித்த ஊர் இது. அரசு வெள்ளக் காப்பீடு பொதுவாக வாங்கி 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

ஃப்ரிட்ஜ்

திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுவையுங்கள். 40 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சாதம், பருப்பு, குழம்பு, பால், இறைச்சி எல்லாம் குப்பைக்கு. வாடை பார்த்து முடிவு செய்யாதீர்கள், சுடவைத்தாலும் சில நச்சு போகாது. மாவு பொங்கி வழியும், முதல் நாளே இட்லி ஊற்றித் தீர்த்துவிடுவது நல்லது. ஊறுகாய், நெய், புளி, பொடி வகைகளுக்கு ஒன்றும் ஆகாது. இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்தில் 28 நாள் வரை தாங்கும், ஆனால் 86 ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. ஐஸில் நேரடியாகப் புதைத்து உறையவிட்டாலும் கெட்டுவிடும். எறியுமுன் எல்லாவற்றையும் படமெடுங்கள்.

குளிர்காலக் கரன்ட் கட்டு வேறு மாதிரி. கேஸ் ஹீட்டருக்கும் காற்றை ஊதும் விசிறி கரன்ட்டில்தான் ஓடும், ஆகவே வீடு குளிர்ந்துவிடும். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க வெளிச்சுவர்ப் பக்கக் குழாய்களைச் சொட்டவிடுங்கள். மெயின் வால்வு எங்கே என்று இன்றே பார்த்துவையுங்கள். அடுப்பை எரித்துக் குளிர் காயாதீர்கள்.

கூரை, இன்சூரன்ஸ், கதவைத் தட்டும் ஆட்கள்

சுத்தம் செய்யுமுன் படம்: நாலு பக்கத்திலிருந்தும் வீடு, ஒவ்வொரு அறை, பொருளின் மாடல் எண். அதன் பிறகு மேலும் சேதமாகாமல் தடுப்பது உங்கள் கடமை என்றே பாலிசி சொல்லும். கூரையில் ஓட்டை என்றால் தார்ப்பாய். அதைக் கூரை முகட்டைத் தாண்டி மறுபக்கம் நாலடி போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பாய்க்கு அடியில் ஓடும். விளிம்பை 2×4 மரச்சட்டத்தில் சுருட்டித் திருகாணியால் இறுக்க வேண்டும். வெறும் ஆணி அடித்த பாய் அடுத்த காற்றுக்குக் கிழியும். மாடி வீட்டிலும் ஈரக் கூரையிலும் நீங்களே ஏற வேண்டாம். ஆள் வைத்தால் ரசீது வாங்குங்கள், அந்தச் செலவை இன்சூரன்ஸ் ஏற்கும்.

பாலிசியின் முதல் பக்கத்தில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி டிடக்டிபிள் இருக்கிறதா என்று பாருங்கள். 2 சதவீதம் என்று போட்டிருந்தால் 3,00,000 டாலர் வீட்டுக்கு முதல் 6,000 உங்கள் கைக்காசு. பக்கத்து வீட்டு மரம் உங்கள் வீட்டில் விழுந்தால் உங்கள் இன்சூரன்ஸ்தான் கொடுக்கும், அவரோடு சண்டை வேண்டாம். காருக்கு ‘காம்ப்ரிஹென்சிவ்’ (மோதல் அல்லாத சேதத்துக்கான பிரிவு) இருந்தால்தான் மரம் விழுந்ததற்குப் பணம். வாடகைக்கு இருப்பவர் பொருளுக்கு வீட்டுக்காரர் பாலிசி பொறுப்பல்ல. ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் இருந்தால் பொருளுக்கும், வீடு வசிக்க முடியாதபடி சேதமானால் ஓட்டல் செலவுக்கும் கிடைக்கும்.

இரண்டாம் நாளே வெளிமாநில வண்டிகள் வரும். “கூரையைச் சும்மா பார்த்துத் தருகிறோம், இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள்” என்பார்கள். அந்தக் கையெழுத்து பல நேரம் வேலை ஒப்பந்தம், அல்லது உங்கள் இன்சூரன்ஸ் பணத்தை அவருக்கே எழுதிக்கொடுப்பது. டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பவர் உங்களை மோசடியில் கூட்டுச் சேர்க்கிறார். அயோவாவில் கட்டட ஒப்பந்ததாரர் மாநிலப் பதிவு எண் வைத்திருக்க வேண்டும், எண்ணை வாங்கி இணையத்தில் சரிபாருங்கள். வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்ய உரிமை உண்டு.

அதிபர் பேரிடர் அறிவித்து, உங்கள் கவுன்டிக்குத் தனிநபர் உதவியும் சேர்த்தால், மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவில் விண்ணப்பிக்கலாம். பண உதவி குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி நிலை உள்ளவர்களுக்கு. எச்-1பி விசாவில் இருப்பவர் தன் பெயரில் பெற முடியாது. ஆனால் அதே வீட்டில் வாழும் குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்றால், சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர் போன்ற உடனடி உதவிக்கு விசா கேட்க மாட்டார்கள், 211க்குப் பேசினால் எங்கே என்று சொல்வார்கள். ஃபீமாவின் முதல் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்பதற்காக வருவது. கடிதத்தைக் கடைசி வரி வரை படித்து, 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் பணம் பல பாலிசிகளில் இரண்டு தவணையாக வரும். முதல் காசோலையில் கூரையின் வயதுக்குத் தேய்மானம் கழித்திருப்பார்கள். வேலை முடித்து ரசீதைப் பாலிசி சொல்லும் கெடுவுக்குள் அனுப்பினால்தான் மீதி. வீட்டுக்கடன் இருந்தால் காசோலையில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வரும். அவர்கள் கையொப்பம் இல்லாமல் வங்கி மாற்றாது, அந்தக் கையொப்பத்துக்கே சில வாரம் ஆகும். ஆகவே கிளெய்ம் எண் கிடைத்த அன்றே கடன் நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்குப் போன் செய்து, என்னென்ன படிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிவைத்துவிடுங்கள்.